நானோ துகள் வைத்து ரேடியேஷன்: மகள் எதைப் படிக்க வேண்டும்?

வணக்கம் அம்மா. புற்றுக்கட்டிக்குள் நானோ துகளை, அதாவது கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகளை, ஊசியில் செலுத்தி ரேடியேஷன் கொடுக்கும் துறைக்குத்தான் போவேன் என்று மகள் பிடிவாதமாக இருக்கிறாள், இதெல்லாம் சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த ஒரு சிகிச்சையை மட்டும் நம்பிப் பட்டம் எடுத்தால் போடாது. அதற்கு அடியில் இருக்கும் இயற்பியலைப் படித்தால் நிச்சயம் போடும்.

இந்தத் துகள்களை ஹாஃப்னியம், தங்கம் போன்ற கனமான உலோகங்களைக் கொண்டு செய்கிறார்கள். ஹாஃப்னியத்தின் அணு எண் 72, தங்கத்தின் அணு எண் 79. இப்படிக் கனமான அணுக்கள் உடல் திசுவைவிடப் பல மடங்கு அதிகமாக எக்ஸ் கதிரை உறிஞ்சி, எலெக்ட்ரான்களைச் சிதறவிடும். அவை துகளைச் சுற்றி மிகக் குறுகிய தூரமே பாய்வதால், பாதிப்பு பெரும்பாலும் கட்டிக்குள்ளேயே நிற்கும். ஆனால் இந்தக் கணக்கு குறைந்த ஆற்றல் கதிருக்குத்தான் அழகாகப் பொருந்துகிறது. மருத்துவமனை இயந்திரங்களோ மெகாவோல்ட் (பத்து லட்சம் வோல்ட்) அளவில், அதிக ஆற்றலில் இயங்குகின்றன. அங்கே பலன் சொற்பம் என்கிறது கணக்கு. ஆனால் ஆய்வகத்தில் செல்கள் கணக்கு சொல்வதைவிட அதிகமாகவே சாகின்றன. ஏன் என்பது இன்னும் முழுதாகத் தெளியவில்லை. உங்கள் மகளுக்கு வேலை காத்திருப்பது இந்த இடத்தில்தான்.

அதனால் இளநிலையில் இயற்பியல், பிறகு மருத்துவ இயற்பியலில் முதுநிலை, அதன்பின் மருத்துவமனைப் பயிற்சி. நானோ துகள் வந்தாலும் வராவிட்டாலும், டோஸ் கணக்கிடவும் இயந்திரத்தைச் சரிபார்க்கவும் ரேடியேஷன் பிரிவுக்கு மருத்துவ இயற்பியலாளர் வேண்டும். துகளைத் தயாரிப்பதில்தான் ஆசை என்றால் வேதியியல். நோயாளிக்குத் தானே சிகிச்சை தர வேண்டுமென்றால் மருத்துவம். அது நீண்ட பாதை. இளநிலையிலேயே 'நானோ' என்று பெயர் வைத்த பட்டங்களை நான் பரிந்துரைப்பதில்லை. எல்லாவற்றையும் தொட்டுக் காட்டுவார்கள், ஒன்றிலும் ஆழம் இருக்காது.

பொறுமை இருக்கிறதா என்றும் கேளுங்கள். எலிகளில் தங்கத் துகள் பலன் தந்ததாக ஆய்வு வந்தது 2004இல். ஹாஃப்னியம் ஆக்சைடு துகளுக்கு மென்திசு சார்கோமாவில் (தசை, கொழுப்பு போன்ற மென்திசுக்களில் வரும் புற்றுநோய்) பயன்படுத்த ஐரோப்பிய ஒப்புதல் கிடைத்தது 2019இல். ஹாஃப்னியம் துகளைச் சோதித்த ஆய்வில் அறுவைக்கு முன் துகளோடு ரேடியேஷன் பெற்றவர்களில் 16 சதவீதம் பேருக்குக் கட்டி ஏறக்குறைய முழுமையாக அழிந்திருந்தது. ரேடியேஷன் மட்டும் பெற்றவர்களில் 8 சதவீதம். இரட்டிப்புதான், ஆனாலும் பெரும்பாலோருக்கு அந்த அளவு பலன் இல்லை.

2019இல் 'லான்செட் ஆன்காலஜி' இதழில் வந்த அந்த ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தை மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவள் கேட்கும் முதல் மூன்று கேள்விகளை எனக்கு எழுதி அனுப்புங்கள். அவை கதிரைப் பற்றியா, துகளைப் பற்றியா, நோயாளியைப் பற்றியா என்று பார்த்துவிட்டுக் கல்லூரிப் பட்டியல் போடலாம்.