வாசகர் கேள்வி: சதுப்பை விளைநிலமாக்கிய எட்ஜ்வொர்த் குடும்பம்

கேள்வி: அயர்லாந்தின் லாங்ஃபோர்ட் மாவட்டத்தில் எட்ஜ்வொர்த் என்ற நிலவுடைமைக் குடும்பம் தன் எஸ்டேட்டைத் திருத்தியதாகப் படித்தேன். சதுப்பில் பயிர் எடுத்தது எப்படி? நம் ஊர் கரிமண்ணுக்கு அது ஒத்துவருமா?
– வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: எஸ்டேட் என்றதும் நமக்கு ரப்பர் மரமும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டும்தான் நினைவுக்கு வரும். அங்கே நிலம் ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். உழுதவர்கள் குத்தகைக் குடிகள். 1782இல் ஊர் திரும்பிய ரிச்சர்ட் லோவல் எட்ஜ்வொர்த், இடைக்குத்தகைக்காரர்களை விலக்கினார். நிலத்தை மொத்தமாக எடுத்துத் துண்டு துண்டாகக் கூடுதல் குத்தகைக்கு விட்டவர்கள் இவர்கள். குத்தகையை அவரே நேரில் வாங்கினார். கணக்கு வழக்கில் மகள் மரியா துணை நின்றார். எங்கள் பார்வையில் உண்மையான திருத்தம் இதுதான். இது நடக்காமல் வாய்க்கால் மட்டும் வெட்டியிருந்தால், விளைச்சல் இடையில் நின்றவர் பைக்கே போயிருக்கும்.

சதுப்பில் முதல் வேலை நீரை வடிப்பது. ஒரே மூச்சில் ஆழமாக வெட்டக் கூடாது. ஊறிய கரை சரிந்து வாய்க்காலை மூடிவிடும். மேலாக வெட்டி, மண் வடிந்து இறுகிய பிறகே ஆழப்படுத்த வேண்டும். அடுத்தது சுண்ணாம்புச் சரளை: அது புளிப்பை முறிக்கும், பொலபொலத்த மண்ணுக்குப் பாரமும் கொடுக்கும். பிறகு மேட்டுப்பாத்தியில் உருளைக்கிழங்கு, அதன்பின் ஓட்ஸ், கடைசியில் மேய்ச்சல் புல். அந்நாளைய வழக்கம் இது.

சுண்ணாம்புக் கல்லைக் கொண்டுசேர்ப்பதுதான் பெரும்பாடு. பார வண்டி ஈர நிலத்தில் அச்சுவரை புதையும். அதற்கு அவர் மரத் தண்டவாளம் போட்டார். ஒரு பெரிய வண்டிக்குப் பதில் பல சிறு வண்டிகளைக் கோத்து ஓட்டினார். பாரம் பல சக்கரங்களில் பிரிந்ததால் மெல்லிய மரமே தாங்கியது. பின்னாளில், 1809இல் அமைந்த அரசாங்கச் சதுப்பு ஆணையத்துக்கும் பொறியாளராக வேலை செய்தார்.

இனி நம் தானா கம்புட், அதாவது கரிமண். அயர்லாந்தில் பாசி மட்கியது. இங்கே மரம் மட்கியது. அதனால் மண்வெட்டிக்குக் கட்டைதான் தட்டுப்படும். செம்பனை வைத்திருந்தால் வாய்க்காலில் தடுப்புக் கட்டி, நீர்மட்டத்தைத் தரையிலிருந்து சுமார் 50 சென்டிமீட்டர் ஆழத்தில் நிறுத்துங்கள். அதற்கும் கீழே இறக்கினால் மண் அமிழும், வேர் வெளியே தெரியும், மரம் சாயும். ஒருமுறை நன்றாகக் காய்ந்த கரிமண் மறுபடி தண்ணீரை உறிஞ்சாது. தீயும் எளிதில் பிடிக்கும்.

சுண்ணாம்பை மட்டும் அவர்களைப் பார்த்து அள்ளிப் போடாதீர்கள். நம் கரிமண்ணில் செம்புச் சத்தும் துத்தநாகமும் ஏற்கெனவே குறைவு. சுண்ணாம்பு மிஞ்சினால் இருப்பதும் வேருக்கு எட்டாது. முதலில் மண்ணையும் ஓலையையும் சோதனைக்குக் கொடுங்கள்.