கேள்வி பதில்: மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன்

மதுரையில் முப்பது ஆண்டுகளாக மறைக்கல்வியும் திருமண ஆயத்த வகுப்பும் எடுத்து வருகிறேன். எனக்குத் தெரிந்த கேள்விகளுக்கு விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன். தெரியாதவற்றுக்கு யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

அண்ணாநகர் வாசகர்: நான் கத்தோலிக்கன், பெண் இந்து. அவள் மதம் மாறாமல் மாதா கோவிலில் திருமணம் நடக்குமா? தை மாதத்துக்கு மண்டபம் பிடித்துவிட்டோம்.

நடக்கும். அந்தப் பெண் மதம் மாற வேண்டியதே இல்லை. கல்யாணத்துக்காக ஒருவரை அவசரமாக ஞானஸ்நானத்துக்கு இழுத்துக்கொண்டு போவது தவறு. ஞானஸ்நானம் பெறாதவரை மணப்பதால் உங்களுக்கு ஆயரின் விதிவிலக்கு வேண்டும். பங்குத்தந்தை வழியாக விண்ணப்பம் போகும். 'என் விசுவாசத்தை விடமாட்டேன், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க என்னால் முடிந்ததைச் செய்வேன்' என்று வாக்குறுதி தர வேண்டியது நீங்கள்தான். நீங்கள் இப்படி வாக்குக் கொடுத்திருப்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

அப்புறம் புதிதாக எடுத்த ஞானஸ்நானச் சான்றிதழ், ஆயத்த வகுப்புச் சான்று, ஓலை வாசிப்பு (கோவிலில் திருமண அறிவிப்பு) எல்லாம் இருக்கிறது. இதற்கெல்லாம் நாள் பிடிக்கும். பங்குத்தந்தையைப் பார்த்த பிறகே மண்டபத்துக்கு முன்பணம் கொடுங்கள் என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறேன். இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

திருமங்கலம்: மாப்பிள்ளை சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). அவருக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுக்கணுமா?

வேண்டாம். அவர் பெற்ற ஞானஸ்நானம் செல்லும். இதற்கு விதிவிலக்கு தேவையில்லை, அனுமதி போதும். மற்றதெல்லாம் மேலே சொன்னபடிதான்.

கருமாத்தூர், ஒரு தாய்: பிளஸ் டூ படிக்கும் மகன் சாமியாராகப் போகிறேன் என்கிறான். ஒரே பிள்ளை. பயமாக இருக்கிறது ஐயா.

அம்மா, ஒரே பிள்ளை என்பது தடை இல்லை. முதலில் எங்கே போக விரும்புகிறான் என்று கேளுங்கள். மறைமாவட்டக் குரு என்றால் நம் உயர்மறைமாவட்டத்திலேயே பங்குப் பணி. சேசு சபை மாதிரி துறவற சபை என்றால் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற வார்த்தைப்பாடுகள் உண்டு, எங்கே அனுப்பினாலும் போக வேண்டும். மெய்யியலுக்கும் இறையியலுக்கும் சேர்த்துக் குறைந்தது ஆறு ஆண்டு படிக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். அதற்கு முன்னும் நடுவிலும் ஆயத்த ஆண்டுகள் வேறு. 25 வயது நிறையாமல் குருப்பட்டம் இல்லை. யோசிக்க அவனுக்கு நிறையக் காலம் இருக்கிறது. கோடை விடுமுறையில் இறையழைத்தல் முகாம் நடத்துவார்கள், ஒரு முறை அனுப்பிப் பாருங்கள்.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாளைக்கே 'இது எனக்கு ஒத்துவரவில்லை' என்று திரும்பி வந்தால், வாசலில் நின்று அவனைக் கட்டிப்பிடித்து வரவேற்க வேண்டும். 'ஓடி வந்துட்டான்' என்று ஊர் பேசும் என்பதற்காகவே மனமில்லாமல் பட்டம் வாங்கினவர்களை எனக்குத் தெரியும். அவர்களும் கஷ்டப்பட்டார்கள், பங்கு மக்களும் கஷ்டப்பட்டார்கள்.

வில்லாபுரம்: யூடியூபில் பூசை பார்த்தால் ஞாயிறு கடன் தீருமா?

தீராது. ஆனால் படுக்கையில் கிடப்பவருக்கு அந்தக் கடனே இல்லை, அவர் மனச்சுமை இல்லாமல் பார்க்கட்டும். பங்கில் சொல்லி வையுங்கள், நற்கருணை வீட்டுக்கே வரும்.

அவனியாபுரம்: மகளுக்கு மண்டபம் பேசி முடித்தாச்சு, ஓலை எப்போது எழுதணும்?

மண்டபம் பேசுவதற்கு முன். முதல் பதிலைப் படியுங்கள்.

மேலூர்ப் பக்கம், பெயர் வேண்டாம் என்றவர்: எங்கள் தெருவில் திருவிழா வரி வாங்க மறுக்கிறார்கள். வரி கொடுக்கவில்லை என்று காரணம் சொல்லி சப்பரம் எங்கள் தெருவுக்கு வருவதில்லை. காலங்காலமாக இப்படித்தான். திருச்சபை இதை ஏற்கிறதா?

ஏற்கவில்லை. 2016-இல் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை சாதிப் பாகுபாட்டைப் பாவம் என்றே சொல்கிறது. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி நீங்கள் கிறிஸ்தவர், அதனால் பட்டியல் சாதிச் சலுகை கிடையாது என்கிறது அரசு. கோவில் தெருவில் மட்டும் உங்கள் பழைய சாதியை மறக்க மாட்டேன் என்கிறார்கள். இந்த இரட்டை அநியாயத்தை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

இதைப் படித்த ஒரு பேராசிரியர்: தத்துவ போதகரே சாதியை ஒத்துக்கொண்டுதானே மதுரையில் வேதம் போதித்தார்? இப்போது பாவம் என்றால் எப்படி?

பாதி உண்மை ஐயா. தத்துவ போதகர் என்று அழைக்கப்பட்ட, 1606-இல் மதுரைக்கு வந்த சேசு சபைக் குரு ராபர்ட் தெ நோபிலி காவி கட்டினார், புலால் விட்டார், பூணூலும் குடுமியும் சமூக அடையாளம்தான் என்று வாதாடினார். 1623-இல் பாப்பு பதினைந்தாம் கிரகோரி அதை அனுமதித்தார். ஆனால் அதே மடலில், உயர்குலத்தார் எளியவரை இகழக் கூடாது, அதிலும் இறைவார்த்தை கேட்கும்போதும் அருளடையாளம் பெறும்போதும் கூடவே கூடாது என்று மன்றாடியிருக்கிறார். நாம் அனுமதியைப் பிடித்துக்கொண்டோம், மன்றாட்டை விட்டுவிட்டோம். தத்துவ போதகரின் தமிழுக்கும் துணிச்சலுக்கும் நான் தலைவணங்குகிறேன். அவர் வழி பிரிவினைக்கு இடம் கொடுத்தது என்பதையும் மறைக்க மாட்டேன்.

இன்னொருவர்: இந்தத் தெரு வழக்கத்தைக் கலைத்தால் ஊர் ரெண்டுபடும். திருவிழாவே நின்றுபோகும். அமைதிதானே முக்கியம்?

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர் இருந்தது. அப்போதும் அமைதி என்றுதான் சொன்னார்கள். என் கூடப் படித்தவனின் தாயைச் சுவருக்கு அந்தப் பக்கம் அடக்கம் செய்தபோது, நான் இந்தப் பக்கம் நின்று செபம் சொன்னேன். ஒரு தெருவை அழ வைத்துவிட்டு நடக்கிற திருவிழா ஒரு வருடம் நின்றால் நிற்கட்டும். மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள்.

ஆரப்பாளையம்: பிரிந்து ஆறு வருடம். கோவில் திருமணத்தை ரத்து செய்ய முடியுமா?

நடந்த திருமணத்தை 'ரத்து' செய்வதில்லை, அது தொடக்கத்திலிருந்தே செல்லுமா என்று விசாரிப்பார்கள். மறைமாவட்டத் திருமண நீதிமன்றத்தைப் பாருங்கள். 2015-க்குப் பிறகு இரண்டாவது நீதிமன்றத்தின் ஒப்புதல் கட்டாயம் இல்லை. செல்லாது என்று தீர்ப்பு வந்தாலும் உங்கள் பிள்ளைகள் முறையான பிள்ளைகள்தான்.

பழங்காநத்தம்: தேதியும் மண்டபமும் முடிவு செய்துவிட்டோம்...

மூன்றாவது ஆள் நீங்கள். தேதி தவக்காலத்தில் விழுகிறதா என்றாவது பார்த்தீர்களா? முதலில் பங்குத்தந்தையிடம் போங்கள்.

மறுபடியும் மேலூர்ப் பக்கத்தவர்: நான் என்ன செய்ய வேண்டும்? தனியாகப் போனால் அடிப்பார்கள்.

தனியாகப் போக வேண்டாம் தம்பி. தெருவில் எல்லாக் குடும்பமும் கையெழுத்துப் போட்டு, 'நாங்கள் வரி கொடுக்கத் தயார், வாங்க மறுக்கிறார்கள்' என்று தேதியோடு எழுதுங்கள். ஒரு பிரதி பங்குத்தந்தைக்கு, ஒன்று பேராயர் இல்லத்துக்கு. கொடியேற்றத்துக்கு இரண்டு மாதம் முன்பே கொடுங்கள், பந்தக்கால் நட்ட பிறகு யாரும் காது கொடுக்க மாட்டார்கள். பேராயர் இல்லத்துக்குப் போகும் அன்று நானும் கூட வருகிறேன்.