பவர் பட்டன்தான் கெட்டதா, எஸ்எம்பிஎஸ் கெட்டதா: எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் இரண்டு. பட்டனை நாலைந்து முறை அழுத்தினால்தான் கணினி எழுகிறது. சில நாள் எழுந்த வேகத்தில் அணைந்தும் போகிறது. கோளாறு பட்டனிலா, கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதே குழப்பத்தில் புது எஸ்எம்பிஎஸ் வாங்கி மாட்டியவன் நான். மாட்டிய மறுநாளும் அதே கதைதான். கடைசியில் கேபினட்டின் முன்பக்கத்தில், பட்டனுக்குப் பின்னால் இருந்த விரல்நுனி அளவு சுவிட்ச்தான் குற்றவாளி. அதனால் எதையும் வாங்கும் முன், பட்டனை ஆட்டத்திலிருந்தே விலக்கிவிட்டுக் கணினியை ஓட்டிப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

பட்டன் இல்லாமல் எப்படி ஓடும்? இன்றைய கணினிகளில் பவர் பட்டன் மின்சாரத்தை நிறுத்தித் திறக்கும் சுவிட்ச் அல்ல, வீட்டு அழைப்பு மணியின் பட்டன் மாதிரி. அழுத்தும் அந்த ஒரு கணம் மட்டும் இரண்டு கம்பிகளைச் சேர்த்துவிடும், அவ்வளவுதான். அந்தத் தட்டலை உணரும் மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் இணையும் முதன்மைப் பலகை), எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் போகும் பச்சைக் கம்பியை மின்சுற்றின் தரையோடு (கிரவுண்ட்) இணைக்கிறது. எஸ்எம்பிஎஸ் முழுவதுமாக விழிக்கிறது. கணினி அணைந்திருக்கும்போதும் மதர்போர்டு இப்படிக் காத்திருக்க முடிவது, ஊதாக் கம்பி வழியே 5 வோல்ட் எப்போதும் வந்துகொண்டிருப்பதால். 1995இல் ஏடிஎக்ஸ் வடிவமைப்பு வருவதற்கு முந்தைய ஏடி கணினிகள் பலவற்றில் முன்பக்கச் சுவிட்ச் வழியே வீட்டு மின்சாரமே ஓடியது. அதைத் தொட்டு விளையாடியிருக்க முடியாது. இப்போது அந்தப் பயம் வேண்டாம்.

சரி, சோதனைக்கு வருவோம். கணினியை அணைத்து, மின்கம்பியை உருவி, பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள். கேபினட்டின் உலோகத்தை ஒருமுறை தொட்டுவிட்டு உள்ளே கை வையுங்கள். மதர்போர்டின் கீழ் ஓரத்தில் மெல்லிய கம்பிகள் கொத்தாக வந்து சேரும் பின்களை (ஊசி போல நிற்கும் உலோக முனைகளை) தேடுங்கள். அவற்றில் 'பவர் எஸ்டபிள்யூ' என்று எழுதிய இரண்டு பின் செருகியை மட்டும் கழற்றுங்கள். மற்றவை இருந்த இடம் மறந்துபோகும், முதலில் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது உத்தமம். பல போர்டுகளில் ஒன்பது பின்கள் இரண்டு வரிசையாக இருக்கும். அவற்றில் 6, 8 ஆகிய இரண்டும்தான் பவர் பட்டனுக்கானவை. எல்லாப் போர்டும் அப்படி இல்லை, கையேட்டைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். சில நிறுவனக் கணினிகளில் எல்லாக் கம்பிகளும் ஒரே கட்டையாக வரும். அங்கே கையேடு இல்லாமல் எதையும் தொடாதீர்கள்.

மின்கம்பியைத் திரும்பச் செருகுங்கள். ஸ்க்ரூ டிரைவர் நுனியால் அந்த இரண்டு பின்களையும் ஒரே நேரத்தில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். பக்கத்துப் பின்னில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கணினி எழுந்து நிலையாக ஓடினால் கோளாறு பட்டனிலோ அதன் கம்பியிலோதான். எழுந்த வேகத்தில் அணைவது ஏன் என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. பட்டனை நான்கு நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் மதர்போர்டு கணினியை வலுக்கட்டாயமாக அணைத்துவிடும் அல்லவா? தூசியும் பிசுக்கும் ஏறி உள்ளே சிக்கிக்கொண்ட பட்டன், நீங்கள் விரலை எடுத்த பிறகும் அழுத்தியபடியே கிடக்கிறது. மதர்போர்டுக்கு அது வேண்டுமென்றே பிடித்திருப்பதுபோலத் தெரிகிறது. நாலு நொடி, அப்புறம் இருட்டு. பார்க்கிறவர்கள் சூடேறி அணைகிறது என்பார்கள், எஸ்எம்பிஎஸ் பழுது என்பார்கள். நானும் அப்படித்தான் ஏமாந்தேன். உண்மையான எஸ்எம்பிஎஸ் கோளாறு பெரும்பாலும் இப்படி ஒவ்வொரு முறையும் கடிகாரம் பார்த்து அணையாது.

பின்களைத் தொட்டும் எழவில்லையா? அப்படியானால் பட்டனைத் திட்டிப் பயனில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்கச் சுவிட்ச், மின்கம்பி, போர்டில் செருகும் 24 பின் இணைப்பு, செயலிக்கு (சிபியு) தனியாகப் போகும் இணைப்பு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். மின்கம்பியை உருவிய பிறகும் அதன் மின்தேக்கிகளில் ஆளை உலுக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

பட்டன்தான் என்று உறுதியானால், எனக்குப் பிடித்த தீர்வு காசு செலவில்லாதது. ரீசெட் பட்டனும் இதே வகைச் சுவிட்ச்தான். அதன் செருகியைக் கழற்றி, பவர் பின்கள் இரண்டிலும் செருகிவிடுங்கள். வெறும் சுவிட்ச் என்பதால் இதற்குத் தலைகீழ் கிடையாது, எப்படித் திருப்பிச் செருகினாலும் சரி. (விளக்குக் கம்பிகளுக்கு மட்டும்தான் கூட்டல் கழித்தல் பார்க்க வேண்டும்.) இனி ரீசெட்டை அழுத்தினால் கணினி எழும். ரீசெட் வேலை போய்விடும். எத்தனை முறை அதைத் தொட்டிருப்போம்?

கேபினட்டில் ரீசெட் பட்டனே இல்லையென்றால் பயாஸில் (கணினி எழும்போது முதலில் இயங்கும் அடிப்படை மென்பொருளில்) விசைப்பலகையால் எழுப்பும் வசதி இருக்கிறதா பாருங்கள். பட்டனையே சரிசெய்யத்தான் ஆசை என்றால் முன்பக்கப் பலகையைக் கழற்றி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, பத்து இருபது முறை அழுத்திப் பாருங்கள். பிசுக்கினால் சிக்கியதென்றால் இதிலேயே சரியாகும். உள்ளிருக்கும் தகடு தேய்ந்திருந்தால் இது சில வாரம்தான் தாங்கும்; சுவிட்சை மாற்றியாக வேண்டும். நான்கு கால் சுவிட்சாக இருந்தால் கால்கள் இரண்டிரண்டாக உள்ளேயே இணைந்திருக்கும். மூலைக்கு மூலை எதிரெதிராக உள்ள கால்களில் கம்பியைப் பற்றவைத்தால் தவறு நேராது.

என் கணினி இன்னும் ரீசெட் பட்டனில்தான் எழுகிறது. புதிதாக யார் வந்து உட்கார்ந்தாலும் முதலில் பெரிய பட்டனைத்தான் அழுத்துகிறார்கள்.