இரண்டு மவுஸ், ஒரே அம்புக்குறி: பெட்டி வாங்கினால் தீருமா?

கேள்வி: வீட்டில் ஒரே கணினி. மகனுக்கு 15 வயது, மகளுக்கு 12. திரையைப் பாதிப்பாதியாகப் பிரித்து ‘இட் டேக்ஸ் டூ’ போன்ற விளையாட்டுகளை இருவரும் சேர்ந்து விளையாட ஆசைப்படுகிறார்கள். இன்னொரு கீபோர்டும் மவுஸும் வாங்கி மாட்டினேன். இரண்டு மவுஸும் ஒரே அம்புக்குறியைத்தான் இழுக்கின்றன. கடையில் கேட்டேன். “ஸ்ப்ளிட்டர் பெட்டி என்று ஒன்று இருக்கிறது, 3,500 ரூபாய், வரவழைத்துத் தருகிறேன்” என்று சொல்லி 500 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டார். மீதியைக் கொடுத்து வாங்கலாமா?
– ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்

பதில்: வாங்காதீர்கள். காரணத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம், முதலில் கடைக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் கணினியில் எந்தக் கோளாறும் இல்லை. விண்டோஸ் அப்படித்தான். எத்தனை மவுஸ் மாட்டினாலும் எல்லா அசைவுகளையும் ஒரே அம்புக்குறியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். இரண்டு குழாய்களின் தண்ணீர் ஒரே குடத்தில் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கலந்த பிறகு எது எந்தக் குழாய்த் தண்ணீர் என்று யாரால் சொல்ல முடியும்? கடைக்காரர் விற்கப் பார்ப்பது, குழாய்க்கும் குடத்துக்கும் நடுவில் வைக்கும் ஒரு பெட்டியை. அதை வைத்தாலும் குடம் ஒன்றுதானே.

அந்தப் பெட்டி என்னவாக இருக்கும் என்று ஊகிக்கவும் முடிகிறது. சாதாரண யூ.எஸ்.பி. ஹப்பாக இருந்தால், அதன் வேலை துளைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது மட்டுமே. அதற்கு 3,500 ரூபாய் பகல் கொள்ளை. இல்லையென்றால் கே.வி.எம். சுவிட்ச். ஒரே கீபோர்டையும் மவுஸையும் மானிட்டரையும் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று கணினிகளை மாற்றி மாற்றி இயக்குவதற்கான கருவி அது. உங்கள் தேவைக்கு நேர் எதிரானது. அதை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்து நின்றவர்கள் பலர். பிரித்த பெட்டியை எந்தக் கடையும் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை.

எனக்கு எரிச்சல் வருவது வேறு இடத்தில். எந்த அசைவு எந்த மவுஸிலிருந்து வந்தது என்பது விண்டோஸுக்கு நன்றாகவே தெரியும். 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி முதற்கொண்டே, கேட்கிற மென்பொருளுக்கு அதைப் பிரித்துச் சொல்லும் வசதி உள்ளே இருக்கிறது. ஒரு கணினியைச் சுற்றிப் பிள்ளைகள் மொய்க்கும் நம் நாட்டுக் கிராமப் பள்ளிகளைப் பார்த்துவிட்டு, பெங்களூரிலுள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடத்தினரே பிள்ளைக்கொரு மவுஸ், மவுஸுக்கொரு நிற அம்புக்குறி என்று செய்து காட்டினார்கள். ‘மல்டிபாயின்ட்’ என்று பெயர். அது வகுப்பறைகளுக்கான தனிச் சரக்காக வந்ததே தவிர, வீட்டுக் கணினியில் அன்றாட வசதியாக வந்து சேரவில்லை. அதற்கும் முன்னால், டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் காலத்து விளையாட்டான ‘தி செட்லர்ஸ் 2’ 1996-லேயே இரண்டு மவுஸ்களை ஏற்றுத் திரையைப் பிரித்துக் கொடுத்தது. விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தில் 2009-லிருந்து இரண்டு அம்புக்குறிகள் சாத்தியம். விண்டோஸ் மட்டும் இன்னும் ஒற்றை அம்புக்குறியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். நீங்கள் குறிப்பிட்ட விளையாட்டுக்கு இரண்டாவது கீபோர்டே தேவையில்லை. ஒரே கணினியில் இருவர் விளையாடுவதென்றால் குறைந்தது ஒரு கேம்பேடாவது (இரு கைகளிலும் பிடித்து விளையாடும் பொத்தான் கருவி) இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஒருவர் கீபோர்டு, மவுஸ்; மற்றவர் கேம்பேடு. அவ்வளவுதான். கேம்பேடுகளை விண்டோஸ் மவுஸைப்போலக் கலக்காது; ஒன்று, இரண்டு என்று தனித்தனியாக எண்ணி நான்கு வரை ஏற்றுக்கொள்ளும். வாங்கும்போது அட்டையில் எக்ஸ்-இன்புட் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத மலிவுச் சரக்கைப் புதிய விளையாட்டுகள் பல கண்டுகொள்வதில்லை.

மகன் கேம்பேடைத் தொடமாட்டேன் என்று அடம்பிடித்தால் ‘நியூக்ளியஸ் கோ-ஆப்’ என்ற மென்பொருள் இருக்கிறது. ஒரே விளையாட்டை இரண்டு முறை திறந்து, திரையின் ஆளுக்கொரு பாதியில் நிறுத்தி, இந்த மவுஸ் இந்தப் பாதிக்கு, அந்த மவுஸ் அந்தப் பாதிக்கு என்று கட்டிவிடும். எல்லா விளையாட்டுக்கும் வேலை செய்யாது. உங்களுடையது அதன் பட்டியலில் உள்ளதா என்று முதலில் பாருங்கள். இரண்டு பிரதிகள் ஓடுவதால் 8 ஜி.பி. ராம் திணறும்.

இது முற்றிலும் இலவசம். கிட்ஹப் தளத்தில் அதை எழுதியவர்களே வைத்திருக்கிறார்கள். “பென் டிரைவில் போட்டுத் தருகிறேன், நிறுவுவதற்கு இவ்வளவு” என்று எவராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். இந்த மென்பொருள் விளையாட்டுக்குள் புகுந்து வேலை செய்வதால் வைரஸ் தடுப்பான் சில நேரம் கூச்சலிடும். அதைச் சாக்காக வைத்து, “தடுப்பானை அணைத்துவிட்டு இதைத் திறங்கள்” என்று கண்ட கண்ட தளங்களும் சொல்லும். அங்கிருந்து இறக்கிய கோப்பில் என்ன இருக்கிறது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். அதேபோல, முகமறியாதவர்களோடு மோதும் இணையப் போட்டிகளில் இதைப் பயன்படுத்த வேண்டாம். ஏமாற்றுவேலை என்று எண்ணிக் கணக்கை முடக்கிவிடுவார்கள்.

இரண்டு பேருக்கு இரண்டு கணினிபோலவே ஆக்கித் தரும் ‘ஆஸ்டர்’ போன்ற கட்டண மென்பொருள்களும் உண்டு. அதற்கு ஆளுக்கொரு மானிட்டர் வேண்டும். ஒரே திரையைப் பிரிக்க நினைக்கும் உங்களுக்கு அது வீண்செலவு.

ஒன்றை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பலர் நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். உங்களுடையவை ஒயர்லெஸ் மவுஸ்களா? ஒரே சிறு ரிசீவரில் ஐந்தாறு கருவிகளை இணைக்கலாம் என்று விளம்பரப்படுத்தும் ரகம் உண்டு. இடத்தை மிச்சப்படுத்த இரண்டு மவுஸ்களையும் அந்த ஒரே ரிசீவரில் இணைத்தால், விண்டோஸின் கண்ணுக்கு வருவது ஒரே மவுஸ்தான். கலப்பு கணினிக்கு வெளியே, ரிசீவரிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நியூக்ளியஸ் போன்ற மென்பொருள்களாலும் பிரிக்க இயலாது. கீபோர்டுக்கும் இதே கதைதான். ஒவ்வொன்றுக்கும் அதனதன் ரிசீவரை மாட்டுங்கள், அல்லது ஒயர் வைத்ததையே வாங்குங்கள். இரண்டும் ஒரே மாடலாக இருந்தாலும் பரவாயில்லை, மாட்டும் துளை வேறு என்பதே அடையாளத்துக்குப் போதும்.

முன்பணம் 500 ரூபாய் திரும்பி வராது என்று கடைக்காரர் சொல்லக்கூடும். வராவிட்டால் அதையே கழித்துக்கொண்டு, ஆயிரம் ரூபாய் சுமாருக்கு ஒயர் வைத்த கேம்பேடு ஒன்றைக் கொடுக்கச் சொல்லுங்கள். அது அவர் கடையிலேயே இருக்கும், வரவழைக்க வேண்டியதில்லை.