பெரிய ராணுவச் சரக்கு விமானங்களுக்கு இனிச் சந்தை உண்டா? நாமே ஏன் ஒன்றைத் தயாரிக்கக் கூடாது?

கேள்விக்குக் கீழே, "ட்ரோனும் ஏவுகணையும் வந்துவிட்ட காலத்தில் இவ்வளவு பெரிய விமானங்களை இனி யார் வாங்கப் போகிறார்கள்?" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரிதான் என்னை எழுத வைத்தது. உங்கள் வீட்டில் ஏரோநாட்டிகல் படிக்கிற பிள்ளை இருக்கிறான் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் யாரும் இதைக் கேட்பதில்லை. எங்கள் சேரன்மகாதேவி பக்கம் என்னிடம் இதைக் கேட்டவர்கள் எல்லோருமே பிள்ளைக்குக் கல்லூரியில் பணம் கட்டிவிட்டு வந்து கேட்டவர்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இன்ஜினியர் இல்லை. விமானப்படையில் 1989-இல் சேர்ந்து 20 வருடம் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடலைப் பழுதுபார்ப்பவனாக இருந்தவன். அதில் பாதிக்கு மேல் ஏ.என்.32 என்ற சரக்கு விமானத்தின் வயிற்றுக்கு அடியிலேயே போனது. "ஃபிட்டருக்குச் சந்தையைப் பற்றி என்ன தெரியும்" என்று யாராவது பின்னூட்டத்தில் கேட்கலாம். ஒரு விமானத்தை வாங்கிய பிறகு நாற்பது வருடம் அது என்ன கேட்கும் என்பது ஃபிட்டருக்குத் தெரியும். சந்தை என்பதில் பாதி அதுதான். நான் சொல்பவை எல்லாம் பத்திரிகையில் வந்தவை, ரகசியம் எதுவும் இல்லை.

சரி, ட்ரோன் விஷயம். ட்ரோன் குண்டு போடும், படம் எடுக்கும். 2021-இல் ஆக்சிஜன் இல்லாமல் மூச்சு முட்டி மக்கள் செத்தபோது, நம் விமானப்படையின் சி-17 என்ற பெரிய அமெரிக்கச் சரக்கு விமானங்கள் காலி ஆக்சிஜன் டேங்கர்களைச் சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் தூக்கி வந்தன. நிரப்பிய டேங்கரை ரயிலிலும் சாலையிலும் கொண்டுபோனார்கள். காலியாகத் திரும்பும் நேரத்தை மிச்சம் பிடித்தது விமானம். அதே நாட்களில் நம் மகேந்திரகிரி இஸ்ரோ மையத்திலிருந்து திரவ ஆக்சிஜன் தமிழ்நாட்டு, கேரள மருத்துவமனைகளுக்குப் போனது. காவல்கிணறு பக்கம் இருப்பவர்களுக்கு இது நினைவிருக்கும். அதே ஆண்டு ஆகஸ்டில் காபூலிலிருந்து ஒரே ஓர் அமெரிக்க சி-17, 823 பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. இந்த வேலையை எந்த ட்ரோன் செய்யும்?

ஆகவே தேவை இருக்கிறது. ஆனால் தேவை வேறு, சந்தை வேறு. இந்த வித்தியாசத்தைத்தான் உங்கள் பையன் புரிந்துகொள்ள வேண்டும்.

சி-17 சுமார் 77 டன் தூக்கும். ஒரு பெரிய டாங்கியை அப்படியே உள்ளே ஓட்டி ஏற்றலாம். அவ்வளவு எடையோடும் சுமார் ஆயிரம் மீட்டர் ஓடுதளத்தில் இறங்கிவிடும். 1991-இல் முதலில் பறந்தது, மொத்தம் 279 செய்தார்கள். அதில் 220-க்கு மேல் அமெரிக்காவே எடுத்துக்கொண்டது. பிரிட்டன் 8, ஆஸ்திரேலியா 8, கனடா 5 என்று மற்றவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வாங்கினார்கள். நாம் 2011-இல் 10 விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டோம். ஆர்டர் வற்றியதும் 2015-இல் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். நாம் இன்னும் வேண்டும் என்று போனபோது மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. அது 2019-இல் வந்து சேர்ந்து 11 ஆனது. உலகத்திலேயே பேர் வாங்கிய விமானத்துக்கே இந்த நிலைமை. பஸ், லாரி மாதிரி கடையில் எப்போதும் கிடைக்கும் சாமான் இல்லை இது. கல்யாணச் சமையல் மாதிரி. முன்பணம் கொடுத்து ஆள் எண்ணிக்கை சொன்னால்தான் அடுப்பு எரியும், பந்தி முடிந்தால் அடுப்பை அணைத்துவிடுவார்கள்.

ஐரோப்பாக்காரர்கள் ஏ400எம் செய்த கதையைப் பாருங்கள். 2003-இல் ஏழு நாடுகள் சேர்ந்து 180 விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டன. இன்ஜினும் தங்களுடையதாகவே இருக்க வேண்டும் என்று புதிதாக ஒரு டர்போப்ராப் (முன்னால் விசிறி சுற்றும்) இன்ஜினை உருவாக்கப் போனார்கள். விமானம் 2009 டிசம்பரில்தான் பறந்தது. 2013-இல்தான் முதல் விமானத்தைக் கொடுத்தார்கள். நடுவில் 20 பில்லியன் யூரோ போதாமல் அரசுகள் இன்னும் 3.5 பில்லியன் கொடுக்க வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் 180 என்ற எண்ணிக்கை கையில் இருந்தது. ஆர்டரே இல்லாமல் ஒருவன் இதில் இறங்கினால் என்ன ஆவான் என்று யோசியுங்கள். பிரேசில்காரர்கள் கெட்டிக்காரர்கள். 26 டன் தூக்கும் சி-390-க்குப் பயணிகள் விமானங்களில் ஓடிப் பழகிய இன்ஜினையே எடுத்து மாட்டினார்கள். போர்ச்சுகல், ஹங்கேரி, நெதர்லாந்து, ஆஸ்திரியா, செக், தென்கொரியா என்று ஒவ்வொரு நாடாகப் பிடிக்கிறார்கள். எனக்கு மரியாதை அவர்கள் மேல்தான்.

இனி என் கதை. நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஏ.என்.32 விமானங்கள் 1984 முதல் சோவியத்திலிருந்து வந்தவை, நூற்றுக்கு மேல். உக்ரைனில் கீவ் நகரத்தில் செய்தவை. வெயிலிலும் உயரத்திலும் பறக்க வேண்டும் என்பதற்காக இன்ஜினை இறக்கைக்கு மேலே தூக்கி வைத்திருப்பார்கள். கிட்டத்தட்ட ஆறே முக்கால் டன் தூக்கும். ஐ.எல்.76 என்ற சரக்கு விமானங்கள் உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்டில் செய்தவை. வாங்கும்போது எல்லாம் ஒரே நாடு. 1991 டிசம்பரில் அந்த நாடே இல்லாமல் போனது. தொழிற்சாலை ஒரு நாட்டில், வடிவமைத்தவர்கள் இன்னொரு நாட்டில், பாகம் செய்கிறவர்கள் மூன்றாவது நாட்டில். ஹேங்கரில் நிற்கிற எங்களுக்கு இது செய்தி இல்லை, வேலை.

1994-இல் நான் வடக்கே ஒரு தளத்தில் இருந்தேன். விடிவதற்கு முன் லே பக்கம் போகிற விமானங்களுக்கு ஏற்றுவோம். காய்கறி, மண்ணெண்ணெய் பீப்பாய், சில நாள் உயிரோடு ஆடுகள். வெயில் ஏறினால் மலைக்காற்று இன்னும் லேசாகிவிடும், எடையைக் குறைக்க வேண்டியிருக்கும் என்பதால்தான் அந்த அவசரம். களக்காட்டில் வாழைத்தார் ஏற்றுகிற லாரியைப் பார்த்திருப்பீர்கள். பின்னால் பாரம் கூடினால் முன் சக்கரம் லேசாகும், டிரைவர் கத்துவார். விமானத்தில் அதே கணக்கை அங்குலத்தில் போட வேண்டும். தரையில் இருக்கிற வளையங்களில் செயின் போட்டு இழுத்துக் கட்டியது மேலே போய் நகர்ந்தால் கத்துவதற்கு யாரும் மிஞ்ச மாட்டார்கள்.

அந்த வருடம் ஐப்பசியில் ஒரு விமானத்தின் சக்கரத்தைத் தூக்கி இறக்கும் ஜாக்கில் ஹைட்ராலிக் எண்ணெய் கசிவதைப் பார்த்தேன். சொட்டுச் சொட்டாகத்தான். ஆனாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விமானம் நின்றது. தேவை ஒரு ரப்பர் சீல், உள்ளங்கை அகலம். கிடங்கில் இல்லை. வேறொரு விமானத்திலிருந்து கழற்றி மாட்டலாம் என்றால் அதுவும் ஏற்கெனவே கழற்றப்பட்டிருந்தது. வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

மூன்றாம் நாள் தந்தி வந்தது. அப்பாவுக்கு முடியவில்லை, உடனே வா.

அந்த வாரம் தாம்பரத்துக்கு கூரியராகப் போக வேண்டியது அந்த விமானம்தான். அதில் எனக்கு இடம் தர அதிகாரி சம்மதித்திருந்தார், நல்ல மனிதர். ஆனால் விமானம் ஜாக்கில் தூக்கி நின்றது. டெல்லி வந்து, ஜி.டி. எக்ஸ்பிரஸ் பிடித்து, சென்னையில் இறங்கி, எழும்பூர் போய், நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி ஊர் வந்து சேர்ந்தபோது வீட்டு வாசலில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தம்பிதான் கொள்ளி வைத்திருந்தான். ஆற்றங்கரையில் ஈரச் சாம்பலைத்தான் பார்த்தேன்.

யாரையும் குறை சொல்லவில்லை. கசிவு மறுபடி கண்ணில் பட்டாலும் மறுபடி எழுதுவேன். ஆனால் "சொந்தமாகச் செய்யக் கூடாதா" என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தச் சீல்தான் ஞாபகம் வரும். சொந்தமாகச் செய்வது என்றால் குடியரசு தின அணிவகுப்பில் பறக்கவிடுவது இல்லை. 1994-இல் ஒரு ஹேங்கரில் அந்தச் சீல் அலமாரியில் இருப்பது.

2009-இல் ஏ.என்.32 விமானங்களைப் புதுப்பிக்க உக்ரைனோடு ஒப்பந்தம் போட்டார்கள். கொஞ்சம் கீவில், மிச்சம் கான்பூரில் என்று ஏற்பாடு. 2014-இல் கிரீமியா சண்டை வந்து பாகங்கள் வருவது தடைப்பட்டது. நாளிதழில் அதைப் படித்தபோது எனக்குப் புதிதாக எதுவும் தோன்றவில்லை. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் கிளம்பிய ஏ.என்.32, 29 பேரோடு கடலுக்கு மேல் காணாமல் போனது. ஏழரை வருடம் கழித்து, 2024 ஜனவரியில்தான், சென்னையிலிருந்து 310 கிலோமீட்டரில், 3,400 மீட்டர் ஆழத்தில் பாகங்களைக் கண்டார்கள். உதிரிப் பாகம்தான் அதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து என் வாயில் வார்த்தையைத் திணிக்காதீர்கள். அந்தத் தடத்தில் நானும் பறந்திருக்கிறேன். அதனால் சொல்கிறேன், அவ்வளவுதான்.

நடுவில் ஒன்று. ஊரில் நான் சரக்கு விமானத்தில் வேலை பார்த்தேன் என்று சொன்னால், "அப்போ அண்ணாச்சி, சரக்கு கிடைக்குமா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். பதினைந்து வருடமாக இதே பேச்சு. கேண்டீன் கார்டில் வருகிற பாட்டிலுக்காகவே என்னை விசேஷத்துக்கு அழைக்கிற உறவினர்கள் இருக்கிறார்கள். லே பனியில் விரல் மரத்துப்போக ஸ்பேனர் பிடித்தவனை இவர்களுக்கு மதுபாட்டிலாகத்தான் தெரிகிறது. முன்னாள் படைவீரர் வீட்டுக்குப் போனால் எங்கே வேலை பார்த்தார், என்ன செய்தார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இதைக் கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று நீக்கச் சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

இப்போது நம் நாட்டு நிலைமை. ரஷ்யாவோடு சேர்ந்து நடுத்தரச் சரக்கு விமானம் செய்வதாக 2007-இல் ஒப்பந்தம் ஆனது. இன்ஜின் விஷயத்தில் ஒத்துப்போகாமல் பத்து வருடத்துக்குள் அது கைவிடப்பட்டது. அப்புறம் 2021-இல் 56 சி-295 விமானங்களுக்கு 21,935 கோடி ரூபாய் ஒப்பந்தம். 16 ஸ்பெயினிலிருந்து பறந்து வந்தவை, 40 வதோதராவில் டாடா ஆலையில் செய்வது. இது ஒன்பது டன் அளவுக்குத் தூக்கும் சிறிய விமானம், பழைய அவ்ரோ விமானத்துக்கு மாற்று. சிறியதுதானே என்று இளக்காரம் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நாற்பது விமானங்களுக்கு நிச்சயமான ஆர்டர் இருப்பதால்தான் சின்னச் சின்னப் பாகம் செய்கிற பட்டறைகள் இயந்திரம் வாங்கத் துணிகின்றன. அலமாரியில் சீல் அப்படித்தான் வரும். 2022 கடைசியில் விமானப்படை 18 முதல் 30 டன் வரை தூக்கும் விமானம் பற்றி நிறுவனங்களிடம் விவரம் கேட்டது. சி-390, சி-130ஜே, ஏ400எம் மூன்றும் அந்தப் போட்டியில் இருக்கின்றன. யார் ஜெயித்தாலும் இங்கே எத்தனை செய்கிறார்கள் என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

77 டன் விமானத்தை நாமே முதலிலிருந்து செய்வது என் ஆயுளில் நடக்காது என்றே நினைக்கிறேன். தப்பாக இருந்தால் சந்தோஷம். சீனா 2013-இல் ஒய்-20 விமானத்தைப் பறக்கவிட்டது. அவர்களும் ரஷ்ய இன்ஜினில் ஆரம்பித்துத்தான் பிறகு சொந்த இன்ஜினுக்கு வந்தார்கள்.

புதிய சந்தை ஒன்று எதிர்பாராத இடத்திலிருந்து வரலாம். வள்ளியூர், ராதாபுரம் பக்கம் காற்றாலை இறக்கையை ஏற்றிய நீள டிரெய்லர் வளைவில் திரும்ப முடியாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இறக்கைகளைத் தூக்குவதற்காகவே ரேடியா என்ற அமெரிக்க நிறுவனம் 108 மீட்டர் நீளத்தில் ஒரு விமானத்தைத் திட்டமிட்டிருக்கிறது. ராணுவச் சரக்குக்கும் ஆகும் என்கிறார்கள். இன்னும் பறக்கவில்லை, வரைபடத்தை நம்பிக் கடன் வாங்கிப் படிக்காதீர்கள்.

உங்கள் பையனுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஹைட்ராலிக்ஸ் நன்றாகப் படிக்கட்டும். ரிவெட் அடிக்கக் கையால் கற்றுக்கொள்ளட்டும், கம்ப்யூட்டரில் மட்டும் இல்லை. கூட்டுப்பொருள் (கம்போசிட்) பழுதுபார்ப்பு படித்தால் வேலைக்குக் குறைவிருக்காது. லீவில் ஊருக்கு வந்தால், எடையும் சமநிலையும் கணக்குப் போடுவதை ஒரு மத்தியானம் உட்கார வைத்துச் சொல்லித் தருகிறேன். நோட்டும் பென்சிலும் கொண்டு வரட்டும்.