வெள்ளை அடைப்பு பல்லோடு உண்மையிலேயே ஒட்டுமா, இல்லை காசு பிடுங்கும் வேலையா?

ஒட்டும். நன்றாகவே ஒட்டும். "காசு பிடுங்கும் வேலை" என்று கேள்வியில் இருந்ததைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். உங்களுக்குக் கடைவாய்ப் பல்லில் வைத்த அடைப்பு சில மாதங்களிலேயே சாப்பிடும்போது கழன்று வந்திருக்கும், அந்தக் கோபத்தில் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கோபம் நியாயம்தான். ஆனால் பழியை அந்தப் பொருள் மேல் போடாதீர்கள்.

நான் பல் டாக்டர் இல்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் வந்து என் படிப்பைக் கேட்க வேண்டாம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு தனியார் கிளினிக்கில் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது என் வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதே வேலைதான். ஓர் அடைப்பு நிற்குமா நிற்காதா என்பதில் அந்தக் குழாய்க்கு எவ்வளவு பங்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரரின் அக்கா இங்கிருந்து உள்ளே போகும் ஒரு தோட்டத்தில் செம்பனை உதிரிப்பழம் பொறுக்குகிறவர். வேறோர் ஊரில் ஒரு கிளினிக்கில் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வெள்ளை அடைப்பு வைத்தார், விழுந்தது. திரும்பப் போய் வைத்தார், அதுவும் விழுந்தது. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் சாப்பாட்டுப் பந்தியில் எல்லார் முன்னாலும், "இவ வேலை செய்யிற எடத்துலயும் இதே சாமானத்தான் வைக்கிறாங்க, சும்மா பசை" என்று சொன்னார். அண்ணி பெரியவர், நான் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் மனசு வலித்தது. அடுத்த வாரமே அவரை எங்கள் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அங்கே என்ன பார்த்தோம் என்று சொல்வதற்கு முன் இது எப்படி ஒட்டுகிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். பல்லின் மேல் ஓடு, எனாமல், எடையில் நூற்றுக்கு 96 பங்கு தாது. 37 சதவீத பாஸ்பாரிக் ஆசிட் ஜெல்லை 15 முதல் 30 விநாடி அதன்மேல் வைத்துக் கழுவினால் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழும். காற்றடித்துக் காய வைத்ததும் அந்த இடம் சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கலான வெள்ளையாகத் தெரியும், அதை நானே தினமும் பார்க்கிறேன். அந்தக் குழிகளுக்குள் தண்ணீர்போல் இருக்கும் பாண்ட் என்ற ரெசின் பசை இறங்கி, நீல விளக்கில் கெட்டியாகி மாட்டிக்கொள்கிறது. அதன் மேல்தான் கம்போசிட், அதாவது அந்த வெள்ளை அடைப்புப் பொருள். சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போடுகிறவர் முதலில் உப்புத்தாள் வைத்துத் தேய்க்கிறார் இல்லையா, அந்தத் தேய்ப்பு இல்லாமல் பசை மட்டும் தடவினால் நிற்காது. ஆசிட் செய்வது அந்த வேலைதான். 1955இல் அமெரிக்காவில் மைக்கேல் பூனோகோர் என்பவர் இதைக் காட்டினார். இந்தப் பிடிப்பு இன்றைக்கும் உறுதியானது, எனாமல் விளிம்பில் வைத்த அடைப்பு அவ்வளவு லேசில் கழலாது.

சிக்கல் எனாமலுக்கு உள்ளே இருக்கும் அடுக்கான டென்டினில். அதில் தாது 70 பங்குதான், மிச்சம் கொலாஜன் நாரும் தண்ணீரும். உள்ளே நரம்புப் பக்கத்திலிருந்து நுண்ணிய குழாய்கள் வழியாக ஈரம் வந்துகொண்டே இருக்கும். ஆசிட் வைத்த பிறகு ரொம்பவும் காய வைத்தால் அந்த நார் அப்படியே படுத்துவிடும், பாண்ட் உள்ளே போகாது. ரொம்ப ஈரமாக இருந்தாலும் ஒட்டாது. லேசான ஈரம் இருக்க வேண்டும், எச்சில் மட்டும் படவே கூடாது. இந்த நாரும் ரெசினும் கலந்து ஒரே அடுக்காக ஆகிறது என்று 1982இல் ஜப்பானில் நகபாயாஷி குழுவினர் எழுதினார்கள். ஆனால் வருஷம் போகப் போகத் தண்ணீரும் பல்லிலேயே இருக்கும் நொதிகளும் அந்த அடுக்கை அரிக்கும். எனாமல் பிடிப்புக்கு இந்தத் தொல்லை குறைவு.

சரி, அண்ணி பல்லுக்கு வருகிறேன். ஓட்டை கன்னத்துப் பக்கம், ஈறுக்கு ஒட்டி, பாதி வேர் மேல். அங்கே எனாமல் இல்லை, மொத்தப் பிடிப்பும் டென்டினை நம்பித்தான். ஈறு வீங்கித் தொட்டாலே ரத்தம். அதுபோக, வலி தெரியாமல் இருக்கக் கிராம்புத் தைலத்தில் பஞ்சை நனைத்து விழுந்த ஓட்டையில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். அந்தத் தைலத்தில் இருக்கும் யூஜெனால் ரெசின் கெட்டிப்படுவதைக் கெடுக்கக்கூடியது. வீட்டில் தைலம் வைத்திருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், இதை யாரும் சொல்வதே இல்லை.

டாக்டர் அன்றைக்கு அடைக்கவே இல்லை. ஈறைச் சுத்தம் செய்து, ஒரு தற்காலிக அடைப்பு போட்டு அனுப்பினார். அண்ணிக்குக் கோபம், அலைய விடுகிறார்கள் என்று. இரண்டாவது முறை வந்தபோது ஈறு ஆறியிருந்தது. கீழே ஈறோரத்தில் கிளாஸ் அயனோமர், அதன் மேல் கம்போசிட். கிளாஸ் அயனோமர் பல்லின் கால்சியத்தோடு தானாகவே ரசாயன முறையில் ஒட்டுவது, கொஞ்சம் ஈரத்தையும் தாங்கும், புளோரைடும் விடும், ஆனால் கம்போசிட்டைவிடச் சீக்கிரம் தேய்ந்துபோகும், அதனால்தான் மேலே மற்றது. கம்போசிட்டையும் ஒரேயடியாக அமுக்கவில்லை, கெட்டியாகும்போது அது இரண்டு மூன்று சதவீதம் சுருங்கி ஓரத்தை இழுக்கும் என்பதால் 2 மில்லிமீட்டர் கனத்தில் அடுக்கடுக்காக வைத்து ஒவ்வொன்றுக்கும் விளக்குப் பிடித்தார். அவ்வளவு நேரமும் நான் பஞ்சு மாற்றிக்கொண்டும் குழாயைப் பிடித்துக்கொண்டும் நின்றேன். அந்த அடைப்பு இன்றுவரை அசையவில்லை. இப்போது அதே அண்ணிதான் தோட்டத்திலிருந்து ஆள் அனுப்புகிறார்.

முன்பு வைத்தவர்களைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அன்றைக்கு அங்கே என்ன நிலைமை என்று நான் பார்க்கவில்லை. வெள்ளி நிற உலோக அடைப்பான அமல்கம்தான் நல்லது என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அது ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும், நிஜம். ஆனால் பல்லோடு ஒட்டாது. உள்ளே அகலமாகக் குடைந்து பொருத்தி வைக்க வேண்டும், அதற்காக நல்ல பல்லையும் சேர்த்து வெட்ட வேண்டியிருக்கும். கடைவாயில் ஒழுங்காக வைத்த கம்போசிட்டுகளில் வருஷத்துக்கு நூற்றுக்கு இரண்டு மூன்றுதான் கெடுகின்றன. அதுவும் பெரும்பாலும் கழன்று அல்ல, ஓரத்தில் மறுபடி சொத்தை பிடித்தோ உடைந்தோதான்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அண்ணி ஏன் ஈறு வீங்கும் வரை வரவில்லை என்று கேட்டவர்கள் உண்டு. தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த பஸ் நின்று எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாத பொம்பளை டவுனுக்கு வர யாரையாவது கெஞ்ச வேண்டும், வந்தால் அன்றைய சம்பளமும் போச்சு. பல்லைப் பார்த்துக்கொள்ளத் தெரியாத ஜனங்கள் என்று படித்தவர்களே பேசும்போது எனக்கு வயிறு எரிகிறது. பஸ்ஸை விடச் சொல்லிக் கேட்க மட்டும் ஒருவரும் இல்லை.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். அடுத்த முறை போகும்போது, ஓட்டையின் ஓரம் எனாமலில் முடிகிறதா, ஈறுக்குக் கீழே போகிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். ரப்பர் டேம் போடலாமா என்றும் கேளுங்கள், பல்லைச் சுற்றி மாட்டும் ரப்பர் விரிப்பு அது, மூச்சு முட்டும் என்று நிறையப் பேர் வேண்டாம் என்பார்கள், மூக்கு திறந்துதான் இருக்கும். ஆசிட் வைத்த பிறகு வாயை மூடாதீர்கள், நாக்கால் தொட்டுப் பார்க்காதீர்கள், துப்ப வேண்டும்போல் இருந்தால் கையைத் தூக்குங்கள், பக்கத்தில் நிற்பவர் உறிஞ்சிவிடுவார். இரண்டு முறை விழுந்த இடமாக இருந்தால் எந்தப் பல், எந்தப் பக்கம் என்று கீழே எழுதுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.