கம்யூனிட்டி காலேஜ் போர்டு உண்மையில் என்ன வேலை செய்கிறது? அதற்கு ஓட்டுப் போட்டே ஆக வேண்டுமா?

கேள்வி கேட்டவர் கலிஃபோர்னியாவில் குடியுரிமை வாங்கி முதல் முறையாக ஓட்டுப் போடப் போகிறாராம். வாக்குச்சீட்டின் அடிப்பக்கம் ‘கம்யூனிட்டி காலேஜ் டிஸ்ட்ரிக்ட், கவர்னிங் போர்டு மெம்பர்’ என்று ஒரு வரி, அதற்குக் கீழே மூன்று பெயர்கள். ஒருவரையும் தெரியாது, இவர்கள் செய்யும் வேலையும் தெரியாது, அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் என்ன என்கிறார்.

விடாதீர்கள். நான் இங்கே ஒரு டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மாதா மாதம் போர்டு கூட்டத்துக்கு எங்கள் பிரிவிலிருந்து போகவேண்டிய காகிதங்களைத் தயார் செய்வது என் வேலையில் ஒரு பகுதி. அதனால் மேடையில் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றிப் பக்கவாட்டிலிருந்து கொஞ்சம் தெரியும்.

முதலில் அமைப்பு. கம்யூனிட்டி காலேஜ் என்பது பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்புகள் தரும் பொதுக் கல்லூரி. கலிஃபோர்னியாவில் 73 கம்யூனிட்டி காலேஜ் டிஸ்ட்ரிக்ட்கள், அவற்றின் கீழ் 116 கல்லூரிகள். ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்டுக்கும் ஒரு போர்டு, பெரும்பாலும் 5 அல்லது 7 பேர், நான்காண்டுப் பதவி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பாதி இடங்களுக்குத் தேர்தல். உறுப்பினர்களை டிரஸ்டி என்பார்கள். இது முழுநேர வேலை அல்ல. மாதம் ஒரு சிறு தொகை கிடைக்கும், பல இடங்களில் மருத்துவக் காப்பீடும் உண்டு, அவ்வளவுதான். பகலில் வக்கீலாகவோ ரிட்டயர்டு ஆசிரியராகவோ ரியல் எஸ்டேட் ஏஜெண்டாகவோ இருப்பவர்கள் மாலையில் வந்து உட்காருவார்கள். கூடவே மாணவர்கள் தேர்ந்தெடுத்த ஒரு மாணவர் டிரஸ்டியும் இருப்பார். அவர் ஓட்டுப் போடலாம், குறிப்பேட்டில் பதிவாகும், ஆனால் முடிவைக் கணக்கிடும்போது சேராது.

கல்லூரி நிர்வாகத்துக்கு ஊரே ஓட்டுப் போடுவது நம் ஆட்களுக்குப் பழக்கமில்லாத விஷயம். இதற்குக் காரணம் இந்தக் கல்லூரிகள் பிறந்த விதம். 1907-இல் வந்த ஒரு மாநிலச் சட்டம், உயர்நிலைப் பள்ளிகளே மேற்கொண்டு கல்லூரி வகுப்புகளும் நடத்தலாம் என்றது. 1910-இல் ஃப்ரெஸ்னோவில் முதல் வகுப்பு தொடங்கியது. பள்ளிக்கூடத்துக்கு உள்ளூர் சொத்து வரியும் உள்ளூர் போர்டும் இருந்தன, கல்லூரிக்கும் அதுவே தொடர்ந்தது. லாஸ் ஏஞ்சலஸில் 1969-இல்தான் கல்லூரிகளைப் பள்ளி மாவட்டத்திலிருந்து பிரித்துத் தனி போர்டு அமைத்தார்கள். ஏழு இடங்களுக்கு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நின்ற அந்தத் தேர்தலில் முதலிடத்தில் வந்தவர் ஜெர்ரி பிரவுன். அடுத்த ஆறே வருடத்தில் மாநில கவர்னர். இந்தப் பதவியை ஏணியின் முதல் படியாகப் பார்ப்பவர்கள் இன்றும் உண்டு, உங்கள் மூன்று பெயர்களிலும் ஒன்று அப்படி இருக்கலாம். அது ஒரு குற்றமில்லை.

சரி, வேலைக்கு வருவோம். போர்டுக்கு நேரடியாக ஒரே ஒரு ஊழியர்தான்: சான்சலர். ஒரே கல்லூரி உள்ள டிஸ்ட்ரிக்ட் என்றால் பெரும்பாலும் சூப்பரின்டெண்டென்ட்-பிரசிடென்ட் என்பார்கள். அவரைத் தேடிப் பிடிப்பது, சம்பளம் பேசுவது, வருடா வருடம் மதிப்பிடுவது, சரியில்லை என்றால் அனுப்புவது எல்லாம் போர்டு. மற்ற ஆயிரம் பேரும் சான்சலருக்குக் கீழே. தனியாக ஒரு டிரஸ்டிக்கு எந்த அதிகாரமும் கிடையாது. கூட்டத்தில் பெரும்பான்மையாகக் கை தூக்கினால்தான் அது போர்டின் முடிவு.

சொல்ல எளிது, நடைமுறையில் இதுதான் வழுக்கும் இடம். ஒருமுறை ஒரு டிரஸ்டி எங்கள் பிரிவுக்கே நேராகப் போன் போட்டார். அவருக்குத் தெரிந்த ஒரு காண்டிராக்டரின் பில் ஏன் இன்னும் பாஸ் ஆகவில்லை என்று கேட்டார். குரலில் மிரட்டல் இல்லை, சும்மா விசாரிப்பதுபோலத்தான் இருந்தது. எங்கள் மேனேஜர் அம்மா போனை வாங்கி, “சான்சலர் ஆபீஸ் வழியாகக் கேட்டால் எழுத்திலேயே பதில் தந்துவிடுகிறோம்” என்று சொல்லி வைத்துவிட்டார். எழுத்தில் கேள்வி வரவே இல்லை. நல்ல டிரஸ்டிக்கு அந்த போனைப் போடவே தோன்றாது.

போர்டின் இரண்டாவது பெரிய வேலை பட்ஜெட். ஜூன் முடிவதற்குள் தற்காலிக பட்ஜெட், செப்டம்பர் 15-க்குள் இறுதி பட்ஜெட். ஆனால் வரவுப் பக்கம் அவர்கள் கையில் பெரும்பாலும் இல்லை. 1978-இல் மக்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய 13-ஆம் எண் முன்மொழிவு சொத்து வரிக்கு உச்சவரம்பு போட்டதிலிருந்து பணக் கயிறு மாநிலத் தலைநகரான சாக்ரமெண்டோவுக்குப் போய்விட்டது. மாணவர்கள் கட்டும் கட்டணமும் அப்படித்தான். ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர், 2012-லிருந்து அதே தொகை. அதைக் கூட்டவும் குறைக்கவும் சட்டமன்றத்தால்தான் முடியும். கட்டணத்தைக் குறைப்பேன் என்று எந்த வேட்பாளராவது நோட்டீஸ் அடித்திருந்தால், அவர் பதவியைப் பற்றிப் படிக்கவே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

செலவுப் பக்கத்தில் சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது. கல்விச் செலவில் குறைந்தது பாதி, வகுப்பில் பாடம் நடத்தும் ஆசிரியர்களின் சம்பளத்துக்கும் அவர்களுக்கான சலுகைகளுக்கும் போக வேண்டும். நூலகரும் கவுன்சலரும் இந்தப் பாதிக்குள் வரமாட்டார்கள். அதனால் ‘மாணவருக்கு வழிகாட்ட இன்னும் பத்து கவுன்சலர் வேண்டும்’ என்று எல்லாரும் ஒத்துக்கொள்ளும் ஒரு யோசனைகூட எங்கள் மேசைக்கு வரும்போது இந்தப் பாதிக் கணக்கில் இடிக்கும். சம்பள ஒப்பந்தமும் போர்டு கையெழுத்தில்தான் முடியும். 1975-இல் கூட்டுப் பேர உரிமை வந்ததிலிருந்து யூனியனோடு பேசித்தான் ஆக வேண்டும். பேசுவது நிர்வாகம், எதுவரை இறங்கலாம் என்று மூடிய அறையில் சொல்லி அனுப்புவது போர்டு. புதிய ஆசிரியருக்கு நான்கு வருடத் தகுதிகாண் காலம் முடிந்து நிரந்தரம் கொடுப்பதா, அனுப்புவதா என்பதும் மார்ச் 15-க்குள் போர்டு முடிவு செய்ய வேண்டியது. ஒருவருக்கு நிரந்தரம் கொடுத்தால் அடுத்த முப்பது வருடச் சம்பளத்துக்கு வாக்குக் கொடுத்ததாகக் கணக்கு.

பாடத்திட்டத்தில் போர்டு பெரிதாகக் கை வைப்பதில்லை. 1988-இல் வந்த ஒரு சீர்திருத்தச் சட்டத்துக்குப் பிறகு, பாடம், பட்டத் தேவைகள், மதிப்பெண் கொள்கை போன்றவற்றில் ஆசிரியர்களின் பிரதிநிதி அமைப்பான ஆசிரியர் செனட்டின் பேச்சைத்தான் பெரும்பாலும் கேட்க வேண்டும் அல்லது அவர்களோடு ஒத்துப்போக வேண்டும். புதிதாக வரும் டிரஸ்டிகளில் சிலருக்கு இது முதல் ஆறு மாதம் ஜீரணமாகாது.

கூட்டத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள், ஆன்லைனிலும் பார்க்கலாம். 1953-இல் வந்த பிரவுன் சட்டப்படி (இது வேறு பிரவுன், மொடஸ்டோ பக்கத்துச் சட்டமன்ற உறுப்பினர்) வழக்கமான கூட்டத்தின் அஜெண்டாவை 72 மணி நேரத்துக்கு முன்னால் வெளியிட வேண்டும். ஐந்து பேர் போர்டில் மூன்று பேர் தங்களுக்குள் ஈமெயிலில் ஒரு விஷயத்தைப் பேசி முடித்துக்கொண்டால் அதுவே சட்டவிரோதம். பொதுமக்கள் பேச நேரம் உண்டு, வழக்கமாக ஆளுக்கு மூன்று நிமிடம் வரை. முதல் தடவை போகிறவர்கள் எல்லாரும் கோபப்படுவது இங்கேதான். ஒரு அம்மா வந்து தன் மகனின் நர்சிங் சேர்க்கை பற்றிக் கண்ணீரோடு பேசுவார், மேடையில் ஏழு பேரும் கல் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். திமிர் இல்லை. அஜெண்டாவில் இல்லாத விஷயத்தை அவர்கள் அங்கே விவாதிக்கக் கூடாது. “ஸ்டாஃப் உங்களைத் தொடர்புகொள்வார்கள்” என்பதைத் தாண்டி அதிகம் சொல்ல வழியில்லை.

அப்புறம் ‘கன்சென்ட் கேலண்டர்’ என்று ஒன்று வரும். நாற்பது ஐம்பது விஷயங்களை ஒரே மூட்டையாகக் கட்டி ஒரே ஓட்டில் பாஸ் செய்வார்கள். யாருக்கு எவ்வளவு பணம் கொடுத்தோம் என்ற பட்டியல், வெல்டிங் லேப்புக்கு வாங்கிய இயந்திரம், பகுதிநேர ஆசிரியர் நியமனம், கூரை ரிப்பேருக்கு ‘சேஞ்ச் ஆர்டர்’ (ஏற்கெனவே போட்ட காண்டிராக்டில் வேலையையோ தொகையையோ மாற்றுவது) எல்லாம் அதில்தான். எங்கள் பிரிவு இரண்டு வாரம் மண்டையை உடைத்துத் தயாரித்தது இருபது செகண்டில் முடிந்துவிடும். எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் ஒரு டிரஸ்டி அதிலிருந்து ஒரு சேஞ்ச் ஆர்டரைத் தனியே உருவி, “இது இதே காண்டிராக்டில் மூன்றாவது தடவை. ஆரம்ப மதிப்பீடு யார் போட்டது?” என்று கேட்டால் அறையில் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள். காகிதத்தைப் படித்துவிட்டு வருகிற ஆள் யார் என்பது அந்த ஒரு கேள்வியில் தெரிந்துவிடும். எத்தனை மேடைப் பேச்சு கேட்டாலும் இது தெரியாது.

பணம் பெரிதாகப் புரளும் இடம் பாண்டு. 2000-இல் வந்த 39-ஆம் எண் முன்மொழிவுக்குப் பிறகு, கட்டடத்துக்காகக் கடன் பத்திரம் வெளியிட 55 சதவீத ஓட்டு போதும். அந்தப் பணத்தில் ஒரு ஆசிரியருக்கோ நிர்வாகிக்கோ சம்பளம் கொடுக்கக் கூடாது. அதைக் கண்காணிக்கக் குடிமக்கள் குழு ஒன்றும் வேண்டும். நம் ஆட்கள் நிறைய இருக்கும் குப்பர்டினோ பக்கம் ஃபுட்ஹில்-டி ஆன்சா டிஸ்ட்ரிக்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச்சில் அந்த போர்டு மக்கள் முன்னால் இரண்டு விஷயங்களை வைத்தது. ஒன்று 89.8 கோடி டாலர் பாண்டு, இன்னொன்று மனைக்கு வருடம் 48 டாலர் வரி. பாண்டு ஜெயித்தது. மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு தேவைப்பட்ட 48 டாலர் வரி தோற்றது. கட்டடத்துக்குப் பணம் கிடைக்கும், உள்ளே நிற்கும் ஆளுக்குக் கிடைக்காது என்பது இங்கே எங்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை.

அதே டிஸ்ட்ரிக்ட்டில் டி ஆன்சா கல்லூரி வளாகத்தில் ஃப்ளின்ட் சென்டர் என்று ஒரு பெரிய அரங்கம் இருந்தது. 1984 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் மேகின்டாஷை எடுத்துக் காட்டிய மேடை. 2014-இல் ஆப்பிள் வாட்ச்சும் அங்கேதான் அறிமுகமானது. நம்மவர்கள் பலருக்குப் பாட்டுக் கச்சேரிகளால் பழக்கமான இடமும்கூட. 2019 ஜூனில் அதை நிரந்தரமாக மூடுவது என்று போர்டு ஓட்டெடுத்து முடிவு செய்தது. பராமரிப்புச் செலவு ஒரு பக்கம், மாணவருக்கு அதனால் எவ்வளவு பயன் என்ற கேள்வி இன்னொரு பக்கம். பலருக்கு வருத்தம். என்னைக் கேட்டால் அது சரியான முடிவு. ஆனால் நான் சொல்ல வருவது, உலகமே பார்த்த ஒரு மேடையின் தலையெழுத்தை எழுதியது, வாக்குச்சீட்டின் அடியில் நீங்கள் விட்டுவிடப் பார்க்கும் அந்தக் கட்டத்தில் ஜெயித்தவர்கள்.

போர்டு தூங்கினால் என்ன ஆகும் என்பதற்கு காம்ப்டன் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெற்கே, பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் மக்கள் வாழும் ஏழைப் பகுதி. நிதி நிர்வாகம் கெட்டுப்போய் 2004-இல் மாநிலம் தலையிட்டு, போர்டின் அதிகாரத்தை நிறுத்திவைத்துத் தனி அதிகாரியை நியமித்தது. ஆனாலும் அங்கீகாரம் போய்விட்டது. 2006-இல் அது பக்கத்து ஊர் எல் காமினோ கல்லூரியின் ஒரு கிளையாக மாறித்தான் உயிர் பிழைத்தது. சட்டமன்றம் 3 கோடி டாலர் வரை கடன் கொடுக்க ஏற்பாடு செய்தது. அங்கீகாரம் திரும்ப வந்தது 2017-இல், தனிக் கல்லூரியாகக் காலூன்றியது 2019-இல். ஒரு தலைமுறை மாணவர்கள் அதற்குள் படித்து முடித்துவிட்டார்கள்.

சான் ஃபிரான்சிஸ்கோ சிட்டி காலேஜ் கதை இதைவிடச் சிக்கல். அங்கீகாரக் குழு 2012-இல் எச்சரித்தது, 2013-இல் அங்கீகாரத்தை ரத்து செய்வதாக அறிவித்தது. கையிருப்புப் பணம், நிர்வாகக் குழப்பம் என்று குற்றச்சாட்டுகள். மாநிலம் போர்டை ஓரம் கட்டிவிட்டுச் சிறப்பு டிரஸ்டி ஒருவரை உட்கார வைத்தது. நகரத்தின் வக்கீலோ அந்த அங்கீகாரக் குழு மீதே வழக்குப் போட்டார், நீதிமன்றம் ரத்தைத் தடுத்தது. போர்டுக்கு அதிகாரம் முழுதாகத் திரும்ப 2015 ஆனது, அங்கீகாரம் உறுதியாக 2017 ஆனது. அந்தக் குழு வரம்பு மீறியதா என்பதில் இன்றும் இரண்டு கட்சி உண்டு. ஆனால் அதற்கு முன்பே கல்லூரியின் பணப்பெட்டி இளைத்துக்கொண்டிருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நல்ல காலத்தில் யாருக்கும் ‘இல்லை’ சொல்லாத போர்டு, கெட்ட காலத்தில் சொல்ல முயன்றால் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஓட்டுப் போடுவதற்கு முன் நான் என்ன பார்ப்பேன் என்றால், முதலில் வேட்பாளருக்குப் பணம் கொடுத்தவர்கள் பட்டியல். தேர்தல் நிதிக் கணக்கைத் தாக்கல் செய்தே ஆக வேண்டும், யாரும் பார்க்கலாம். ஆசிரியர் யூனியன் கொடுத்திருந்தால் ஆச்சரியமில்லை, அது வழக்கம். கட்டட காண்டிராக்டர்களும் ஆர்க்கிடெக்ட்களும் வரிசையாகக் கொடுத்திருந்தால், அந்த டிஸ்ட்ரிக்ட்டில் பாண்டு பணம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பேன். ஏற்கெனவே பதவியில் இருப்பவர் என்றால் போன வருடத்துக் கூட்டங்களில் ஒன்றிரண்டின் வீடியோவைத் தள்ளித் தள்ளிப் பார்த்தால் போதும். சான்சலர் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருவர் மாறிக்கொண்டே இருக்கும் டிஸ்ட்ரிக்ட்டில் பழைய உறுப்பினருக்கு நான் ஓட்டுப் போடத் தயங்குவேன். கோளாறு எல்லா சான்சலர்களிடமும் இருந்திருக்க முடியாது.

இன்னொன்று. பல டிஸ்ட்ரிக்ட்களில் இப்போது ஊரைப் பகுதிகளாகப் பிரித்துப் பகுதிக்கு ஒருவர் என்று தேர்ந்தெடுக்கிறார்கள், அதனால் உங்கள் பகுதிக்கு நான்கு வருடத்துக்கு ஒருமுறைதான் வாய்ப்பு. அதிலும் எதிர்த்து நிற்க ஆள் இல்லாவிட்டால் பெரும்பாலும் தேர்தலே நடக்காது, நிற்பவரை அப்படியே நியமித்துவிடுவார்கள், பெயர்கூட வாக்குச்சீட்டில் வராது. உங்கள் சீட்டில் மூன்று பெயர் வந்திருக்கிறது. எங்கள் பகுதியில் போன தடவை அந்த வரியே இல்லை.